கோட்டைத் தொட்ட விரல்

தூத்துக்குடியில் ஜெசிந்தா ஓர் இருட்டறை வைத்திருந்தார். ஃபிலிமிலிருந்து கறுப்பு வெள்ளைப் படம் போடக் கற்றுக்கொடுப்பார். அவருக்கு வயது முப்பதுதான். அவரிடம் கற்க வந்த சங்கிலிமுத்துவோ, கல்யாண வீடுகளில் படம் பிடித்தே தலை நரைத்தவர்.

அன்று மாலை ஊர்வலம். கடற்கரைக் குடியிருப்புப் பெண்கள் மாநிலக் கபடிக் கோப்பையை வென்று வந்திருந்தார்கள். நாலு பேர் காலைக் கவ்வியிருக்க, அணித்தலைவி ஸ்டெல்லா நடுக்கோட்டை நோக்கிக் கை நீட்டிய அந்தக் கணம், சங்கிலிமுத்துவின் சின்ன நெகட்டிவில் மட்டும்தான் இருந்தது.

"பெரிசாப் போட்டுத் தாங்க. வண்டி முன்னால கட்டணும்" என்று கேட்டிருந்தார்கள்.

படத்தைப் பெரிதாக்கும் கருவி பழையது, பெரிய நெகட்டிவுக்கென்றே செய்தது. அதிலிருந்த லென்ஸில், கருவியை உச்சிவரை ஏற்றியும் படம் போதிய அளவு வளரவில்லை. சங்கிலிமுத்து சின்ன லென்ஸை மாட்டினார். படம் விரிந்தது. ஆனால் முகமெல்லாம் புகை.

தெளிவுக்கான திருகைச் சுழற்றினார். லென்ஸை ஏற்றி இறக்கும் மடிப்புத் துருத்தி முழுக்க மடிந்து முட்டியது. அழுத்தித் திருகினார். எங்கோ நறநறத்தது.

"டீச்சர், இன்னும் ஒரு விரக்கடை மேல போனா தெளிஞ்சிரும். போவமாட்டேங்கு. என்ன செய்ய?"

ஜெசிந்தா விளக்கை அணைத்தார். துருத்தியின் அடியிலிருந்து, லென்ஸ் மாட்டிய பலகையைக் கழற்றினார். அதிலிருந்து ஒரு குழல், பெரிய நெகட்டிவுக்குத் தோதாக, கீழே நீண்டிருந்தது. அதன் நுனியில்தான் லென்ஸ். லென்ஸைக் கழற்றிவிட்டு, பலகையைக் கவிழ்த்து மாட்டினார். குழல் இப்போது துருத்திக்குள் ஏறி நின்றது. லென்ஸைத் திசை மாறாமல் அதன் நுனியில் பொருத்தினார்.

"இப்பத் திருகுங்க. மெதுவா."

விளக்கு எரிந்தது. திருகு வழுக்கிக்கொண்டு சுழன்றது. புகை கலைந்தது. முதலில் கோடு. பிறகு விரல். பிறகு நகத்தில் ஒட்டிய மணல்.

"தொட்டுட்டா!" சங்கிலிமுத்து கத்தினார். "கோட்டத் தொட்டுட்டா டீச்சர்!"

மாலையில் அந்தப் பெண்கள் வந்தார்கள். படத்தைப் பார்த்ததும் விசில் பறந்தது. ஸ்டெல்லா தன் முகத்தைத் தானே பார்த்துச் சிரித்தாள், அழுதாள். சங்கிலிமுத்துவைத் தோளில் தூக்கித் தெருக்கோடி வரை கொண்டுபோனார்கள்.

மூச்சிரைக்கத் திரும்பி வந்தவர், நேராகக் கருவியிடம் போனார். கையில் பசைக்குழாய்.

"இனி இது அசையவே கூடாது டீச்சர். அப்படியே ஒட்டிருதேன்."

ஜெசிந்தா பசையை வாங்கி மூடினார்.

"நாளைக்குப் பெரிய நெகட்டிவோட ஒருத்தர் வாராரு, அண்ணாச்சி."