பந்தியில் எடுத்த இலை

மாசிலாமணி மடத்துக்கு வந்து ஒரு மழைக்காலம் போய்விட்டது. வாசல் பெருக்கினார், தண்ணீர் இறைத்தார், யாரும் சொல்லாமலே அண்டா குண்டானெல்லாம் தேய்த்தார். காவி ஒன்றுதான் பாக்கி.

சாயப்பட்டறையில் பாய்லர் ஓட்டிய மனுஷர். வால்வு சரியில்லை, ஆள் செத்துப்போவான் என்று முதலாளியிடம் நேரே சொல்லிவிட்டார். மறுநாள் கேட்டிலேயே வாட்ச்மேன் மறித்தான். வேலை போய்விட்டதாம். என்ன குற்றம் என்று சொல்லவும் இல்லை, கூப்பிட்டு விசாரிக்கவும் இல்லை. தொழிலாளர் கோர்ட்டில் வழக்குப் போட்டார். நாளைக்கு அவர் போய்ச் சாட்சி சொல்ல வேண்டும். போகாவிட்டால் வழக்கு தள்ளுபடி ஆகிவிடும் என்று வக்கீல் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த முதலாளி முகத்தை மறுபடி பார்க்க மாசிலாமணிக்கு மனசே இல்லை.

இன்றைக்குக் காலையில் குருவின் முன்னால் போய் நின்றார். குரு அவரைவிட வயதில் இளையவர்.

"கோர்ட்டுக்குப் போகலீங்க சாமி. வேலையைத் துறந்துட்டனுங்க. நாளைக்கே காவி குடுத்துருங்க."

"சாப்பிட்டுட்டுப் பேசலாம்," என்றார் குரு.

மத்தியானப் பந்தியில் சோறு விழுந்தது, குழம்பு விழுந்தது. மாசிலாமணி கை வைக்கப் போனார். குரு குனிந்து இலையை அப்படியே உருவி எடுத்துக்கொண்டார்.

அன்றைக்குக் கேட்டில் ஷிப்டே நின்று வேடிக்கை பார்த்தது. இன்றைக்குப் பந்தியே பார்த்தது. மாசிலாமணிக்குக் காது சுட்டது.

"என்ன மாசிலாமணி, இன்னைக்கு விரதமா?"

"இல்லீங்க."

"சாப்பிடலையே?"

"இலையை நீங்க எடுத்துட்டீங்க. இதுக்குப் பேரு பட்டினிங்க சாமி." இலை இருந்த இடத்தைக் கையால் காட்டினார். "நான் என்னங்க தப்புப் பண்ணுனேன்? அதையாவது சொல்லுங்க."

"இதையே நாளைக்குக் கோர்ட்டுல கேளுங்க," என்றார் குரு.

வேறு இலை போட்டு, தாமே சோறு வைத்து, நெய்யும் தாராளமாக ஊற்றினார்.

மாசிலாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வேலை திரும்பக் கெடைச்சா?"

"போய்ச் செய்யுங்க. வேண்டாம்னு தோணுனா நீங்களா விட்டுட்டு வாங்க. அன்னைக்குக் காவி தர்றேன்."

மாசிலாமணி ஒரு கவளம் சாப்பிட்டார். இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"கெடைக்கலைன்னா சாமி?"

குரு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கெடைக்காட்டியும் உங்களுக்கு இங்க இலை உண்டு. நாளைக்கு எனக்கு விரதம். கோர்ட்டுக்குப் போயிட்டு நீங்க வந்ததும் ரெண்டு பேரும் சேர்ந்து சாப்பிடலாம்."