முப்பத்தெட்டு ஸ்க்ரூ

“மரம்னா அது என்னமோ பண்ணும்னு எங்க அப்பா சொல்லுவாரு. என்ன பண்ணும்னுதான் மறந்துபோச்சு” என்றார் கிருபாகரன்.

“நல்லதாப் போச்சு. பெட்டியைத் தூக்கி மேலே வைங்க அண்ணாச்சி” என்றாள் எமெல்டா.

தூத்துக்குடியில் பெடல் ஸ்டீல் கிதாருக்கு உடம்பான மரப்பெட்டி செய்கிறவள் அவள் ஒருத்திதான். அவரைவிடப் பத்து வயது இளையவள். தோகாவில் இருபது வருஷம் பாலம் கட்டிவிட்டு வந்து, அவளிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தார் அவர்.

அகலமான ஒரு மேப்பிள் பலகை. அதன் முன்னும் பின்னும் காடி வெட்டி ஒட்டிய இரண்டு பக்கப் பலகைகள். மேலே இரண்டு கழுத்து, கழுத்துக்குப் பத்துக் கம்பி. காலால் பெடலை மிதித்தால், அடியிலுள்ள தண்டு ஒரு கம்பியை இழுத்துச் சுருதியை ஏற்றும். அந்த இழுப்பில் பலகை துளி வளையும். இழுக்காத கம்பியும் சுருதி இறங்கும்.

அந்த இறக்கம்தான் அவரைப் படுத்தி எடுத்தது.

“சனிக்கிழமை பெட்டியை வாங்கிட்டுப் போக பாஸ்கல் வந்துருவாரு. நான் தனியாச் செஞ்ச முதல் பெட்டி. இது சரியா வரலைன்னா பழையபடி தோகாவுக்கே போயிடறேன், மேஸ்திரியம்மா.”

எமெல்டா பெட்டியைச் சாய்த்து அடியில் பார்த்தாள். நீளநீளமாக இரும்புத் தகடுகள்.

“இதென்ன, லாரி போறதுக்கா?”

“முப்பத்தெட்டு ஸ்க்ரூ போட்டிருக்கேன்.”

“இரும்பு போடறதுக்கு முன்னாடி சுருதி மீட்டர்ல முள் எவ்வளவு இறங்குச்சு?”

“ஒரு முடி அளவு.”

“இப்ப?”

கிருபாகரன் பிடரியைச் சொறிந்தார்.

“ஒரு முடி. அதான், இன்னும் ரெண்டு தகடு...”

அவள் தன் சொந்தப் பெட்டியைக் காட்டினாள். “அதை மிதிச்சுப் பாருங்க.”

மிதித்தார். மீட்டரைப் பார்த்தார். மறுபடி மிதித்தார்.

“உங்களுதும் இறங்குதே!”

“பதினாறு வருஷமா இறங்குது.”

“யாரும் ஒண்ணும் சொல்லலையா?”

எமெல்டா மீட்டரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, தன் பெட்டியின் முன் உட்கார்ந்தாள்.

“கண்ணை மூடுங்க. இழுக்காத கம்பியைத்தான் மீட்டப்போறேன். நான் மிதிக்கறப்ப சொல்லுங்க.”

கம்பி ஒலித்தது. கிருபாகரன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார். நாதம் அவசரமில்லாமல் நீண்டுகொண்டே போய், அறையின் மூலையில் எங்கோ கரைந்தது.

“மிதிங்க, மேஸ்திரியம்மா.”

“ம்.”

மறுபடி மீட்டினாள். மறுபடி.

“இன்னும் மிதிக்கவே இல்லையே நீங்க?”

“ஆறு தடவை மிதிச்சாச்சு, அண்ணாச்சி.”

அவர் கண்ணைத் திறந்தார்.

அவள் எழுந்து வந்து, அவருடைய பெட்டியில் அதே கம்பியை ஒரே ஒரு தடவை மீட்டினாள். ஈரச் சாக்கைத் தட்டினாற்போல ஒரு சத்தம். அவ்வளவுதான்.

கிருபாகரன் ஸ்க்ரூடிரைவரைக் கையில் எடுத்தார்.

“ஸ்க்ரூ எடுத்த ஓட்டையை என்ன பண்றது?”

“அதே மரத்துல முளை சீவி, பசை வச்சு அடிங்க. ரெண்டு நாள் காயணும், சனிக்கிழமைக்குச் சரியா இருக்கும்.”

“அப்பவும் ஒரு முடி இறங்குமே?”

“இறங்கும்.”

இரும்பு முழுவதையும் கழற்றிவிட்டு, பெட்டியைச் சனிக்கிழமையே பாஸ்கலிடம் கொடுப்பதென்று கிருபாகரன் முடிவு செய்தார்.