சோம்பேறி நெருப்பு

வாயால் காற்றைத் தின்னும், தலையால் புகையைத் துப்பும், வயிற்றுக்குள் கோழியை வேகவைக்கும். அது என்ன, சொல்லுங்கள் பார்ப்போம்?

சங்கரன்கோவிலில் உத்தண்டம் கடையில் கோழி சுடுவதற்காகப் படுக்கவைத்த கரிப் பீப்பாய்தான் அது. முதலாளி உத்தண்டம் தாமே படம் வரைந்து செய்வித்த பீப்பாய். அதில் இடப்பக்கக் கோழி கருகும், வலப்பக்கக் கோழி வேகாது. அவருடைய பேத்தி நாச்சியார் அந்தக் கோழியைத் தொடாமல் தினமும் தயிர்சோறுதான் கேட்பாள்.

"பீப்பாயில ஒரு ஓட்டை போடக்கூடாது, ஒரு ஆணி அடிக்கக்கூடாது. இன்னைக்கும் பிள்ளை தயிர்சோறு கேட்டா உனக்கு வேலை இல்லலே," என்றார் முதலாளி, அடுப்படி ஆள் புலமாடனிடம்.

புலமாடன் கரிக்கு மேலே நீளமான தோசைக்கல் ஒன்றை வைத்து, வலக்கோடியில் மட்டும் இடைவெளி விட்டான். சூடு கல்லுக்கு அடியிலேயே வலப்பக்கம் வரை போய், மேலேறி, கோழிகளைத் தடவிக்கொண்டு இடப்பக்கப் புகைபோக்கிக்குத் திரும்பியது. கோழிகள் எல்லாம் ஒரே பொன்னிறமாக வந்தன.

"என்னலே செஞ்ச?"

"பீப்பாயைத் தொடலை மொதலாளி. நெருப்பும் என்னை மாதிரி சோம்பேறி. காத்து நுழையிற துளைக்கு நேர் மேலேயே வெளியே போக வழி இருந்தா, அது உள்ளே போய் வேலை பார்க்குமா? நானா இருந்தாலும் பார்க்க மாட்டேன். அதான், கொஞ்சம் சுத்திப் போகச் சொன்னேன்."

சாப்பிட வந்த ஒருவர் கேட்டார்: "வாசலையும் கொல்லையையும் ஒரே பக்கம் வச்ச கொத்தன் யாரு அண்ணாச்சி?"

"நான்தான்வே," என்று முதலாளி தலையைச் சொறிந்தார். பிறகு பேத்தியின் முன்னால் கோழியையும் தயிர்சோற்றையும் வைத்தார்.

நாச்சியார் கோழியை எடுத்துக்கொண்டாள்.