ஒரு கரண்டி உறைமோர்

சடகோபன் நூற்பாலை இயந்திரங்களைப் பொருத்துவதில் சூரர். தனியாக இருப்பதில்தான் பூஜ்யம். முன்பு ஒருமுறை போலந்துக்கு வேலைக்குப் போய், மூன்றாம் மாதமே மூட்டையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார். இப்போது பல்கேரியாவில் இரண்டு வருட வேலை. இதையும் விட்டுவிட்டு வந்தால் இனி எந்தக் கம்பெனியும் அவரைக் கூப்பிடாது.

புறப்படுமுன் குருவைப் பார்க்கப் போனார். குரு நிறைமதி அம்மை, சீடரைவிடப் பத்து வயது இளையவர். பல நாடுகள் சுற்றியவர். சிரிக்காமல் ஒன்றும் சொல்லத் தெரியாது அவருக்கு.

"போன தடவை எதையோ மறந்துட்டுப் போயிட்டேம்மா. அதான் அங்க நிக்க முடியல. இந்தத் தடவை ஒண்ணும் விட்டுப்போகக் கூடாது. நீங்களே பார்த்துச் சொல்லுங்க."

பெட்டியைத் திறந்து வைத்தார். புளிக்காய்ச்சல், மாவடு, பருப்புப்பொடி, வத்தல், குட்டிக் குக்கர் எல்லாம் இருந்தன. அம்மை ஒவ்வொன்றாக முகர்ந்து பார்த்தார். மாவடு ஒன்றை எடுத்துக் கடித்துக்கொண்டார். அடியில் ஒரு வெள்ளைத் துணி மடித்து வைத்திருந்தது.

"இது என்ன?"

"உறைமோர்மா. தயிர்ல நனைச்சுக் காயவச்ச துணி. வெதுவெதுப்பான பால்ல போட்டா தோய்ஞ்சிடும். தயிர் இல்லாட்டி எனக்குச் சோறு இறங்காது."

அம்மை அதை மட்டும் எடுத்து வெளியே வைத்துவிட்டுப் பெட்டியை மூடினார்.

"விமான நிலையத்துல பிடுங்கிடுவாங்களா?"

"அதுவும் உண்டு. போலந்துல உங்க பக்கத்து வீட்ல யார் இருந்தாங்க?"

யோசித்துப் பார்த்தார். ஒரு பச்சைக் கதவுதான் ஞாபகம் வந்தது. முகம் எதுவும் வரவில்லை.

"தெரியலம்மா."

"இந்தத் தடவை உறைமோரை அங்க போய்க் கேட்டு வாங்குங்க. கடையில வாங்கினா என் முகத்துல முழிக்காதீங்க."

"பாஷை தெரியாதேம்மா."

"கையில கிண்ணம் இருக்கும்ல?"

போய்ச் சேர்ந்த முதல் வாரம் கூச்சத்தில் வெறும் ரசஞ்சோற்றை விழுங்கிக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை நாக்கு கேட்கவில்லை. பால் பாக்கெட் ஒரு கையில், கிண்ணம் ஒரு கையில் என்று பக்கத்துக் கதவைத் தட்டினார். பஸ் ஓட்டும் ராட்கா கதவைத் திறந்தாள். பாலைப் பார்த்தாள், கிண்ணத்தைப் பார்த்தாள், அவர் முழிப்பதையும் பார்த்தாள். விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, வீட்டில் தோய்த்த தயிரை ஒரு ஜாடியோடு கொடுத்தாள்.

ஜாடியை வெறுமனே திருப்பிக் கொடுக்க அவருக்கு மனசு வருமா? மாவடு போட்டுக் கொடுத்தார். அது பிளம் ஜாமோடு திரும்பி வந்தது. அதன்பின் அந்த ஜாடி ஒரு வீட்டிலும் நிலையாக இருக்கவில்லை.

ஐந்தாம் மாதம் குருவுக்குப் போன் வந்தது. சடகோபனின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அம்மா, இன்னிக்கு ராட்கா வெறும் ஜாடியோட வந்து நிக்கிறாங்க. அவங்க வீட்ல தயிர் தீர்ந்துபோச்சாம். எங்கிட்ட உறை கேக்கறாங்கம்மா, எங்கிட்ட. பாத்திரம் நிறையத் தயிர் இருக்கு. அப்படியே தூக்கிக் கொடுத்திடட்டுமா?"

"ஒரு கரண்டி மட்டும் கொடுங்க," என்றார் அம்மை. "நாளைக்கும் வரட்டும்."