நூற்றுக்கு ஐம்பது

"என் மடத்துல பாதிப் பேர் போயிட்டாங்கம்மா," என்றார் சிகாமணி.

வடிவம்மை முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சிகாமணிக்கு அவர்தான் குரு. வயதில் பன்னிரண்டு வருடம் இளையவர்.

"உட்காருங்க."

சிகாமணி உட்காரவில்லை.

"டவுன் மடத்துல இந்த வருஷம் நூத்துக்குப் பத்துப் பேர்தான் விலகினாங்க. எனக்கு நூத்துக்கு ஐம்பது. மலை மடத்துக்கு நீங்க தப்பான ஆளை அனுப்பிட்டீங்க."

"டவுன்ல மொத்தம் எத்தனை பேரு?"

"முந்நூறு."

"அதுல போனவங்க?"

"முப்பது."

"உங்ககிட்ட?"

சிகாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"மொத்தமே ரெண்டு பேர். ஒருத்தர் போயிட்டார்."

"அப்ப யாருக்கு நஷ்டம் அதிகம்?"

சிகாமணி முப்பது வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். யோசிக்காமலே சொன்னார்.

"சதவீதத்துல எனக்கு. ஆள் எண்ணிக்கையில அவங்களுக்கு. மொத்தத்தைப் பாக்காம ரெண்டையும் ஒப்பிடக் கூடாது. பிள்ளைங்களுக்கு இதைத்தானே சொல்லிக்கொடுத்தேன்."

"விடை சரி."

"விடை சரிதாம்மா. ஆனா சாயங்காலமானா அங்க ஒரு பேச்சுச் சத்தம் கிடையாது. மூணாவது பாய் சுருட்டினபடியே சுவர்ல சாஞ்சு நிக்குது. அந்தப் பக்கம் திரும்பவே முடியல."

வடிவம்மை ஒரு தண்டை ஒடித்துப் போட்டார்.

"போனவர் யாரு?"

"சர்வேயர் பாலவர்ணம். மகன் வந்து கூப்பிட்டான். சிரிச்சுக்கிட்டேதான் போனார்."

"இருக்கறவர்?"

"கோட்டைச்சாமி. லாரி ஓட்டிக்கிட்டு இருந்தவர்."

"அவர் எப்படி இருக்கார்?"

"நான் கிளம்பி மூணு நாளாச்சும்மா. டவுன் மடத்துல தங்கி இந்தக் கணக்கெல்லாம் கேட்டு எழுதிக்கிட்டு வந்தேன்."

சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

வடிவம்மை அதை வாங்கவில்லை.

"அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே."

"வரேன்னுதான் சொன்னார். விளக்கேத்த ஒரு ஆள் வேணுமேன்னு விட்டுட்டு வந்தேன்."

"அவர் எதுக்காக மலைக்கு வந்தாராம்?"

"சம்சாரம் தவறிட்டாங்க. பிள்ளை குட்டி இல்ல. வீட்டுல தனியா இருக்க..."

சிகாமணி அதோடு நிறுத்திக்கொண்டார்.

நீட்டிய தாள் கையிலேயே இருந்தது.

வடிவம்மை அடுத்த கட்டுக் கீரையைப் பிரித்தார்.

"அம்மா," என்றார் சிகாமணி. "மலையடிவாரத்துக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு?"