சட்டி வாய் மூடிய காலை

அந்தக் காலத்தில் சட்டிக்கும் பேச்சு உண்டு. செடி பேசியது, ஆடு பேசியது, விடிந்ததும் மலைமேல் வந்து படியும் மூடுபனியும் பேசியது. அடுப்பில் தண்ணீர் கொதித்துவிட்டால் போதும், சட்டி ஊர்க்கதை சொல்ல ஆரம்பித்துவிடும். பேசுகிறவர் வாயைப் பொத்துவது பாவம். அதனால் சட்டியின் வாயையும் யாரும் மூடியதில்லை. மூடி என்று ஒரு பொருளே எந்த வீட்டிலும் கிடையாது.

மலையின் மேல் விளிம்பில் இருந்த கடைசிக் குடிசை சிலம்பாயியுடையது. அவள் புருஷன் பெரியாண்டி ஆடு மேய்க்கிறவன், வாய் ஓயாமல் கேலி பேசுகிறவன். அந்த மார்கழியில் அவன் நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது. மூச்சு இழுக்கும்போது பழைய கதவைத் திறப்பது போலச் சத்தம் வந்தது. சிரித்தால் இருமல், இருமினால் மூச்சு நின்று நின்று வந்தது. இப்படியே போனால் தை பிறப்பதைப் பார்க்க அவன் இருக்கமாட்டான் என்று சிலம்பாயிக்குத் தெரிந்தது. அதை வெளியில் சொல்லாமல் கற்பூரவள்ளிச் செடியிடம் போனாள்.

"முற்றின இலையாகக் கிள்ளு" என்றது செடி. "கொழுந்தைத் தொடாதே. அது இன்னும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை."

முற்றின இலையாகவே பார்த்து ஒரு கைப்பிடி கிள்ளிவந்து, கழுவி, கொதிக்கிற தண்ணீரில் போட்டாள். குடிசை முழுக்க மணத்தது. ஆனால் குவளையில் ஊற்றியபோது மணத்தைக் காணவில்லை. வெறும் வெந்நீர் மட்டும் இருந்தது.

பெரியாண்டி ஒரு வாய் குடித்தான். "வெந்நியில... குளிக்கச் சொன்னா... குளிப்பேன்" என்றான், மூன்று மூச்சாக. "குடிக்கச் சொல்றியே, சிலம்பு."

"சும்மா குடி, மாமா" என்றாள். மறுநாளும் அப்படியே ஆயிற்று. அதற்கு மறுநாளும்.

அவள் செடியிடம் போய்ச் சண்டை போட்டாள். செடி கோபிக்கவில்லை. "என்னிடம் இருந்ததை எல்லாம் கொடுத்துவிட்டேன், தாயே. நடுவில் யாரோ வாங்கிக்கொள்கிறார்கள். அடுப்பை விட்டுக் கண்ணை எடுக்காமல் பார்."

அடுத்த நாள் காலை அப்படித்தான் உட்கார்ந்து பார்த்தாள். ஓலைக்கூரையின் இடுக்கு வழியாக மூடுபனி மெல்ல இறங்கி வந்தது. வெள்ளைப் பூனை போல அடுப்பைச் சுற்றிப் படுத்தது. சட்டியிலிருந்து எழுந்த ஆவியை அண்ணாந்து, கண்ணை மூடிக்கொண்டு உள்ளே இழுத்தது.

"திருட்டு நாயே!" என்றாள் சிலம்பாயி.

"திட்டாதே" என்றது மூடுபனி. அதன் குரல் தூரத்தில் யாரோ துணி அலசுவது போல இருந்தது. "உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஒரு மணம் இருக்கிறது. மழைக்குக்கூட மண் ஒரு மணம் கொடுத்துவிட்டது. எனக்குத்தான் ஒன்றும் இல்லை. நான் வந்ததும் தெரிவதில்லை, போனதும் தெரிவதில்லை. இந்த ஆவி எனக்குத் தங்கை. தங்கை கொண்டுவரும் சீரை அண்ணன் வாங்கிக்கொண்டால் குற்றமா?"

"அண்ணன்தான் தங்கைக்குச் சீர் கொடுப்பான். உங்கள் வீட்டில் எல்லாம் தலைகீழோ?"

மூடுபனிக்கு வெட்கமாகப் போயிற்று. ஆனாலும் அது எழுந்து போகவில்லை. கதவைச் சாத்தினாள், இடுக்கில் வந்தது. இடுக்கில் துணியைத் திணித்தாள். துணியையே நனைத்துக்கொண்டு வந்தது.

சிலம்பாயி சட்டியின் முன்னால் குந்தி உட்கார்ந்தாள். "உன் வாயை மூடவேண்டும்" என்றாள்.

சொல்லிக்கொண்டிருந்த கதையைச் சட்டி நிறுத்தியது. "மூடினால் எனக்கு மறுபடி பேச்சு வராது. என் குலத்துக்கே வராது."

"தெரியும். ஆனால் அவருக்கு மூச்சு வரவில்லையே."

பாயில் கிடந்தவனின் நெஞ்சுச் சத்தத்தைச் சட்டி சற்று நேரம் கேட்டது. பிறகு, "நெருப்பின் மேல் இருக்கும்போது மட்டும் மூடாதே" என்றது. "அந்த நேரத்தில் தனியாக முனகிக்கொள்கிறேன். தண்ணீர் கொதித்ததும் இலையைப் போடு; உடனே இறக்கி வைத்து மூடு. அவன் ஆடுகளோடு சண்டை போடுவதைப் பற்றி நல்ல கதை ஒன்று வைத்திருந்தேன். போகட்டும்."

சிலம்பாயி வேறு தண்ணீர் வைத்து, கொதித்ததும் இலையைப் போட்டு இறக்கினாள். கைக்கு அகப்பட்டது புருஷன் சோறு தின்னும் மண்வட்டில்தான். அதை எடுத்துச் சட்டியின்மேல் கவிழ்த்தாள்.

"ஏன்டி, நான் போறதுக்குள்ளயே... என் வட்டிலக் கவுத்துட்டியா?" என்றான் பெரியாண்டி.

அவளுக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. வட்டிலின்மேல் இரண்டு கைகளையும் வைத்து அழுத்திக்கொண்டாள். உள்ளே ஆவி முட்டிப் பார்த்தது. வழியில்லாமல் துளித்துளியாக வட்டிலில் ஒட்டிக்கொண்டது. வெளியே மூடுபனி சட்டியைச் சுற்றிச் சுற்றி வந்தது.

"ஒரே ஒரு மூச்சு" என்று கெஞ்சியது. "வந்துபோனேன் என்று நாலு பேருக்குத் தெரியும் அளவுக்கு."

மூச்சுக்காக ஏங்குகிறவனை இத்தனை நாளாகப் பார்த்துக்கொண்டிருப்பவள் அவள். அந்தச் சொல்லை அவளால் தட்ட முடியவில்லை. இலை நன்றாக ஊறியபின், வட்டிலை மூடுபனி இருந்த பக்கமாக லேசாகத் தூக்கினாள். முதலில் கிளம்பிய ஆவி அதற்குப் போயிற்று. மூடுபனி அதை வாங்கிக்கொண்டு, குழந்தையை எடுத்துப்போவது போலப் பத்திரமாகக் கூரை வழியே வெளியேறியது. வட்டிலில் தொங்கிய துளிகளை அவள் சட்டிக்குள்ளேயே தட்டிவிட்டாள். செடி கொடுத்தது அந்தத் துளிகளில்தான் இருந்தது.

பெரியாண்டி குவளையை முகத்தருகே பிடித்துக்கொண்டு, ஊதி ஊதிக் குடித்தான். நெற்றியில் வியர்வை பூத்தது. நெஞ்சுக்குள் ஏதோ இளகி வழிவிட்டது. வெயில் வாசலுக்கு வந்தபோது, "கூழ் இருக்கா, சிலம்பு? வயிறு கிள்ளுது" என்றான், ஒரே மூச்சில்.

சிலம்பாயி சட்டியிடம் திரும்பி, "கேட்டாயா?" என்றாள். சட்டி ஒன்றும் சொல்லவில்லை. அவள் அதைக் கழுவி, தன் முந்தானையால் துடைத்து வைத்தாள்.

அன்று முதல்தான் சட்டி நெருப்பின்மேல் முனகுவதோடு நிறுத்திக்கொள்கிறது. நாமும் இலையைப் போட்டதும் இறக்கி மூடி, திறக்கும்போது முதல் ஆவியைப் போகவிட்டு, மூடியில் நிற்கும் துளிகளைச் சட்டிக்குள்ளேயே தட்டிவிட்டுக் குடிக்கிறோம்.