தென்னை விழுந்த மூன்று கார்கள்

நடந்ததை அப்படியே சொல்கிறேன். தீர்ப்பு மட்டும் உங்களுடையது.

நாகர்கோவிலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. பெரும்பாலான கார்கள் அங்கே திறந்தவெளியில்தான் நிற்கும். கட்டடத்துக்கு அடியில் கூரையுள்ள இடம் சிலருக்கு மட்டுமே வாய்த்திருந்தது. அப்படி ஓர் இடம் காலியானபோது மூவர் அதைக் கேட்டார்கள்: பிசியோதெரபி டாக்டர் ஷெர்லின், செருப்புக் கடை அன்சார், மின்வாரியப் பொறியாளர் தாணுமாலயன். யாருக்குக் கொடுத்தாலும் மற்ற இருவரின் பகை நிச்சயம். அதனால் சங்கச் செயலாளர் பொன்னையா, அந்தப் பேச்சு எழும்போதெல்லாம் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்க மாடிக்குப் போய்விடுவார்.

ஆடிக் காற்றில் பக்கத்து மனைத் தென்னை மதிலைத் தாண்டி விழுந்தது. மூவரின் கார்மீதும் ஒரே மரம். தாணுமாலயன் காரின் பானெட் நசுங்கியது. ஷெர்லின், அன்சார் இருவரின் கார்களிலும் முன்கண்ணாடி நொறுங்கியது. அந்த இரண்டும் ஒரே மாடல், நிறம்தான் வேறு.

மூவருக்கும் மூன்று இன்சூரன்ஸ் கம்பெனிகள். மரத்தை வெட்டி அகற்றும் முன்பே எது உசத்தி என்ற சண்டை தொடங்கிவிட்டது.

“என் கம்பெனில எல்லாம் ஆப்லயே முடிஞ்சிரும்” என்றாள் ஷெர்லின்.

“என் கம்பெனி ஆப் அதவிட நல்லது” என்றார் அன்சார்.

“ரெண்டு பேருக்கும் ஆப்புதான் வைக்கப் போறான்” என்றார் தாணுமாலயன். “எனக்கு ஏஜென்ட் வீடு தேடி வருவாரு.”

புதுக் கார் ஒன்றுக்குச் சொல்லிவைத்திருந்த பொன்னையாவுக்கு, எந்தக் கம்பெனியில் இன்சூரன்ஸ் எடுப்பது என்று ஏற்கெனவே குழப்பம். ஒரே கல்லில் இரண்டு மாங்காய் தெரிந்தது அவருக்கு.

“எந்தக் கம்பெனி வேலைய முதல்ல முடிக்குன்னு பாத்துருவோம். யாரு கார் சரியாகி முதல்ல கேட்டுக்குள்ள வருதோ, அவங்களுக்கு அந்த இடம்” என்றார். மூவரும் தலையாட்டினார்கள்.

ஷெர்லின் படங்களை ஏற்றியதும், “வாழ்த்துகள்! உங்கள் விபத்து வெற்றிகரமாகப் பதிவானது” என்று திரையில் வண்ணக் காகிதங்கள் பறந்தன. அன்சாரின் ஆப் கொஞ்சம் கண்டிப்பு. “படம் தெளிவாக இல்லை. முன்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மீண்டும் எடுக்கவும்” என்றது. மறுபடி எடுத்தார். மறுபடியும் அதையே சொன்னது.

“தொடைக்கதுக்குக் கண்ணாடி இருந்தா நான் எதுக்கு உன்கிட்ட வாறேன்?” என்று போனைப் பார்த்துக் கத்தினார் அன்சார்.

தாணுமாலயனின் ஏஜென்ட் சொன்னபடி வீடு தேடி வந்தார். டீ குடித்தார். தன் மாமியார் வீட்டில் பலா மரம் விழுந்த கதையை விரிவாகச் சொன்னார். இன்னொரு டீயும் குடித்துவிட்டுப் போனார்.

பிறகு, சேதத்தை அளக்க ஷெர்லினின் கம்பெனி ஒரு சர்வேயரை அனுப்பியது. அடுத்து அன்சாரின் கம்பெனி அனுப்பியது. வந்தவர் அதே மனிதர். தாணுமாலயனின் கம்பெனி அனுப்பியதும் அவரையேதான்.

“மூணு கம்பெனிக்கும் நாந்தான் பாக்கேன் சார்” என்று அவர் சிரித்தபோது, அதுவரை உற்சாகமாக இருந்த பொன்னையாவின் முகம் வாடிப்போயிற்று.

மூன்று கார்களும் ஒரே பட்டறைக்குப் போயின. ஷெர்லினின் கம்பெனி முதலில் அனுமதி கொடுத்தது. அவள் பெயருக்குக் கண்ணாடி சொல்லப்பட்டது. அன்சார் ஆப்பை விட்டுவிட்டு, கஸ்டமர் கேரில் ஒரு மனிதக் குரலைப் பிடித்து அனுமதி வாங்குவதற்குள் நாளாகிவிட்டது. தாணுமாலயனுக்குக் கடைசியாகத்தான் வந்தது.

ஷெர்லினின் கண்ணாடி வந்து இறங்கிய அன்று, அவள் தன் காரை எடுக்கப் பட்டறைக்குப் போனாள். தன் கார் தயாரா என்று பார்க்க வந்த அன்சார், அங்கே டாக்சி நிலையங்களுக்கு மாற்றி மாற்றிப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். அவர் மனைவிக்கு நிறைமாதம். உடனே வந்து சேரும்படி திருவனந்தபுரம் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். அன்று ஆவணி முகூர்த்த நாள். ஊரிலிருந்த வாடகைக் கார் முழுவதும் கல்யாணத்துக்குப் போயிருந்தது.

விஷயத்தைக் கேட்ட ஷெர்லின் பட்டறைக்காரரிடம் திரும்பினாள். “அந்தக் கண்ணாடிய அண்ணன் கார்ல மாட்டுங்க. அவங்களுக்கு வரப்போறத நான் எடுத்துக்கிடுதேன்.”

அன்சார் கை கூப்பினார். அந்த நேரத்தில் இருவருக்குமே பந்தயம் ஞாபகத்தில் இல்லை.

மனைவியை ஏற்றிப் போவதற்காக அன்சாரின் கார்தான் முதலில் கேட்டுக்குள் நுழைந்தது. நல்லபடியாகப் பெண் குழந்தை பிறந்தது. அடுத்து, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கிக்கொண்டு தாணுமாலயனின் கார் வந்தது. அன்சாரின் பெயருக்குச் சொன்ன கண்ணாடி தாமதமாகி வந்தபின், ஷெர்லினின் கார் கடைசியாக வந்தது.

குழந்தைக்குச் சர்க்கரை கொடுத்து முடித்த கையோடு வழக்குத் தொடங்கியது.

“கேட் முதல்ல தொறந்தது என் காருக்குத்தானே?” என்றார் அன்சார்.

“நான் கண்ணாடியத்தானே அண்ணே குடுத்தேன், கூரையையுமா குடுத்தேன்?” என்றாள் ஷெர்லின்.

“உங்க கார்ல இருந்தது அவங்க கண்ணாடி. அவங்க காரோ கடைசி. அடுத்தவங்க தயவு இல்லாம, சொந்தக் கம்பெனியால உள்ள வந்தது நான் மட்டுந்தான்” என்றார் தாணுமாலயன்.

மூவரும் சொல்வது மூன்று விதத்தில் நியாயம். பொன்னையா மாடிப்படியைப் பார்த்தார். மூவரும் வழியை மறித்து நின்றார்கள்.

அந்தக் கூரையடி இடம் யாருக்குச் சேர வேண்டும்?

விடை: ஷெர்லினுக்கு. பந்தயம் கம்பெனிகளுக்குள்தான், கேட் வெறும் எல்லைக் கோடு. அவளுடைய கம்பெனிதான் வேலையை முதலில் முடித்தது. முடிந்த பிறகு அவள் இரக்கப்பட்டது கம்பெனியின் தாமதம் ஆகாது. பந்தயத்தை நினைத்து அவள் விட்டுக்கொடுத்திருந்தால் வேறு பேச்சு. அவள் அதை நினைக்கவே இல்லை. அன்சாருக்கு அந்தக் கண்ணாடியால் வரவேண்டிய நன்மை வீட்டில் தொட்டிலில் கிடக்கிறது. தாணுமாலயனின் வாதம் சட்டப்படி அழகுதான். ஆனால் அவருக்கு இடத்தைக் கொடுத்துப் பாருங்கள்: நாளைக்கு அந்தக் குடியிருப்பில் யாருடைய டயர் பஞ்சரானாலும், ஒரு ஜாக்கி இரவல் கிடைக்காது.